மங்கு வேலன் பாட்டுக்குச் சொந்தக்காரர்

1

காளியம்மன் கோயில் கும்பாபிஷேக மலரில் போடுவதற்கு அழகர் கங்காணியைப் பற்றி நாலு பக்கம் கேட்டிருந்தீர்கள். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், மலேயாவில் கங்காணியாக இருந்து ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவர், அவர் தம்பி சின்னையா இன்னும் உயிரோடுதானே இருக்கிறார், அவரே சொல்லட்டும் என்று கமிட்டியில் பேசினீர்களாம். சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் சாந்தி எழுதுகிறாள். நடுவில் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். இதை மலரில் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

பன்னிரண்டு வயதில் அண்ணன் என்னைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். இப்போது எண்பது. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயில், நாலாவது மாடியில், மகன் வீட்டில் இருக்கிறேன். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். எதிரே சுண்ணாம்பு மலை. அதை வெடிவைத்து உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள். கொடியில் காயும் துணியை உதறினால் மாவு போலத் தூசி பறக்கும். காலையில் கீழே இறங்கி, சீனன் கடையில் ஒரு கோப்பி, ஒரு ரொட்டி. அப்புறம் மாடி ஏற வேண்டும். லிஃப்ட் கெட்டால் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துதான் ஏறுவேன்.

பேத்தி சீனப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். படிக்கட்டை எண்ணுவதும் சீனத்தில்தான். "தாத்தா பேசறது கெட்ட தமிழா ம்மா?" என்று ஒரு நாள் சாந்தியிடம் கேட்டாள். சாந்தி என்ன சொன்னாள் என்று எனக்குக் காது கேட்கவில்லை. கேட்காதது போல இருந்துவிட்டேன் என்பதுதான் சரி.

என் அடையாள அட்டை இன்னும் சிவப்பு. குடியுரிமை இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவனுக்குச் சிவப்பு அட்டைதான். ஒரு தடவை இன்டர்வியூ வரைக்கும் போனேன். போன வாரமே கூப்பிட்டோமே, ஏன் வரவில்லை என்று அதிகாரி மலாயில் கேட்டார். தலைவலி என்று சொல்ல நினைத்து, "சாக்கிட் கெலாப்பா" என்றேன். கெப்பாலா என்றால் தலை, கெலாப்பா என்றால் தேங்காய். தேங்காய் வலிக்கிறது என்று சொன்னவனைப் பார்த்து அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார், ஃபைலை மூடினார். என் மலாய் அவ்வளவுதான். சந்தைக்குப் போதும், லாரி கிளீனர் வேலைக்குப் போதும். அந்த மலாய்தான் இந்த வருஷம் என் வாயைத் திறந்துவிட்டது.

2

கோலாலம்பூரிலிருந்து ரேவதி என்று ஒரு பிள்ளை வந்தது. தோட்டத்து ஆட்களைப் பற்றிப் படம் எடுக்கிறது. வந்து உட்கார்ந்ததும் கைபேசியில் ஒரு பாட்டை வைத்தது. பழைய சின்ன இசைத்தட்டிலிருந்து எடுத்ததாம். கொறகொறவென்று கொஞ்ச நேரம். பிறகு மங்கில் தட்டுகிற சத்தம். பிறகு அவன் குரல்.

பேரச் சொன்னா ஒரு அடி
பேசாம நின்னா ரெண்டடி
ஆறு மணிப் பெரட்டுக்குள்ள
ஆருக்கு மிச்சம் மூணடி

பெரட்டு என்றால் விடிவதற்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. மங்கு என்றால் ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கிற கிண்ணம். வேலன் ஏழெட்டு மங்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் அளந்து தண்ணீர் ஊற்றி, மரம் வெட்டுகிற கத்தியின் பிடியால் தட்டிக்கொண்டு பாடுவான். அதனால் மங்கு வேலன்.

பாட்டு முடிவதற்குள் கைபேசியை அதன் பக்கம் தள்ளி வைத்தேன்.

ரேவதி சொன்னது இது. படத்தை வாங்கப்போகிறவன் கனடாக்காரன். பாட்டுக்காரனின் அனுமதி இல்லாமல் ஒரு வரியைக்கூடப் படத்தில் விடமாட்டான்.

"பாட்டு கட்டுனவரு கெடைக்கலன்னா சும்மா எடுத்துப் போட்டுக்க முடியாது அங்கிள். நல்லா தேடுனேன், ஆளு இல்லன்னு ப்ரூஃப் காட்டணும். அப்பத்தான் அவருக்குப் பதிலா அங்க உள்ள ஆபீஸ் பெர்மிஷன் குடுக்கும்."

"எங்கெல்லாம் தேடுன?"

"ரெண்டு வருஷமா எல்லா எடத்துலயும்லா. ரிஜிஸ்ட்ரேஷன்ல கேட்டாச்சு, பேப்பர்ல போட்டாச்சு. மங்குங்கிறவருக்கு வேலன்னு ஒரு மகனே இல்லங்கிறாங்க."

"மங்கு அவன் அப்பனா?"

"தட்டுல அப்படித்தான போட்டிருக்கு? மங்கு வேலன். அப்பா பேரு மங்கு."

பேப்பரில் போட்ட விளம்பரத்தைக் காட்டியது. 'மங்கு என்பவரின் மகன் வேலன் அல்லது அவருடைய வாரிசுகள் உடனே தொடர்புகொள்ளவும்.' சாந்தி தோட்டத்தில் பிறந்தவள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ, மங்குன்னா பால் கிண்ணம்லா! கிண்ணத்தோட மகனையா ரெண்டு வருஷமா தேடுறீங்க?"

ரேவதியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அது கேட்டது.

"அப்ப அவரோட நெஜமான அப்பா பேரு என்னா அங்கிள்?"

"தெரியாது."

"பொண்டாட்டி, புள்ள?"

"தெரியாது."

"அவருதான் எங்க போனாரு?"

"தாய்லாந்துப் பக்கம் எவளையோ கூட்டிக்கிட்டு ஓடிட்டான்னு பேச்சு."

அந்தப் பேச்சைக் கிளப்பியவர்கள் நாங்கள்தான். அது ரேவதிக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் அந்தக் காலத்தில் இருந்தவர்களில் நான் ஒருத்தன்தான் மிச்சமாம். வேலன் எங்கே என்று யாருக்கும் தெரியாது என நான் ஈப்போவுக்கு வந்து சத்தியம் செய்து கொடுத்தால் போதுமாம். வாரேன் என்றேன். சத்தியம் செய்துவிட்டால் வேலன் கடைசித் தடவையாகக் காணாமல் போய்விடுவான், என் காலமும் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

3

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே. அண்ணன் கையில் ஒரு பிரம்பு இருக்கும். பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அடி. மரத்தில் காயம் பட வெட்டினால் அடி. திருப்பிப் பேசினால் அடி, பேசாமல் நின்றாலும் திமிர் என்று அடி. துரை பங்களாவில் இருப்பான், அவனுக்குப் பால் வந்தால் சரி. அண்ணன் அடிக்கும்போது ஆள் ஓடாமல் இரண்டு கையையும் பின்னால் முறுக்கிப் பிடிப்பது என் வேலை. நான் இருபத்தைந்து வயது முறுக்கில் இருந்தேன். கோயில் மணிக்குப் பணம் அனுப்பிய வருஷமும் நாங்கள் இப்படித்தான் இருந்தோம். ஊருக்கு வந்தபோது அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, சிரித்த முகமாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் அவர்தான். பொய் இல்லை.

வேலன் பாட்டுக் கட்டியது அந்த அடியைப் பற்றி. தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து ஒலிப்பதிவு மெஷினோடு வந்த இசைத்தட்டுக் கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு போய்த் தட்டாகப் போட்டுவிட்டார். டவுன் காப்பிக் கடையில் அது பாடியது. அண்ணன் நடந்து போனால் பின்னால் பொடிசுகள் மங்கைத் தட்டும். திரும்பிப் பார்த்தால் நிறுத்தும். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். வெளியில் பேர் தெரிந்தவனைத் தொட்டால் வம்பு என்று அவருக்குத் தெரியும்.

வேலன் பெண்சாதி அஞ்சலைக்கு ஏழு மாதம். ஒரு நாள் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். வந்ததும் வரிசைக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்தாள். இருட்டுப் பிரியவில்லை. அண்ணனும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். பிரம்பு அவள் நிமிரும்போது வயிற்றில் விழுந்தது. ஒரே அடிதான். அவள் கத்தவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டாள். பெண்கள்தான் கத்தினார்கள். பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள்.

அன்றைக்கு வேலனுக்கு வேறு தீம்பாரில், தூரத்து ரப்பர் காட்டில், பெரட்டு. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, பால் நிறுக்கிற ஸ்டோரில், எல்லாரும் நிற்கும்போது பாட்டுக்கு இரண்டாவது அடியைப் பாடினான். மங்கு இல்லை, தாளம் இல்லை. வெறும் வாயால் பாடினான். ஸ்டோரில் ஒருத்தர்கூட வாளியை அசைக்கவில்லை. அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

4

சத்தியக் கடிதத்துக்குச் சீல் வைக்கிறவர் ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத்து வம்சம், கவர்மெண்டில் வேலை பார்த்து ரிடையரானவர். சட்டைப் பையில் மூன்று பேனா.

"இருங்கோ அப்பு. நான் வாசிச்சுச் சொல்லுறன். பிறகு கையை உயர்த்திச் சத்தியம், கீழ கைநாட்டு. விளங்குதோ?"

மலாயில் வேகமாக வாசித்தார். எனக்குப் பாதி புரியவில்லை. வேலன் பெயர் வந்ததும் காதைக் கொடுத்தேன். "டிடாக் டாப்பாட் டிக்கேசான்" என்றார்.

டிடாக் டாப்பாட் என்றால் முடியாது, கிடைக்காது. அது எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் கேஸ் என்ற சத்தம் கேட்டது. வேலன் விஷயத்தில் இனிக் கேஸ் போட முடியாது.

"கேஸ் இல்லையா சார்?"

"ஓம் ஓம். டிக்கேசான் இல்லை எண்டுதான் எழுதியிருக்கு."

"இனிமே வராதா?"

"இனி எங்க வரப்போகுது அப்பு, எத்தனை வருஷம் போச்சு."

"கவர்மெண்டே ஒத்துக்குதா?"

"நான் சீல் வைச்சால் அவ்வளவுதான்."

அந்த வார்த்தைக்கு நான் ஐம்பது வருஷம் பயந்திருக்கிறேன். போலீஸ் வண்டி தெருவுக்குள் வந்தால் எனக்கு மூத்திரம் முட்டும். அதற்காகவே இரண்டு தடவை வீடு மாறினேன். இப்போது ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து கேஸ் இல்லை என்கிறார். சத்தியத்துக்குத் தூக்கிய கையைக் கீழே போட்டேன்.

"அப்ப ஒன்னு சொல்லிர்றேன் சார். வேலன் ஓடலலா. லம்பத்துக் குட்டையில கெடக்கான். நானும் எங்கண்ணனும்தான் அடிச்சுப் போட்டோம்."

அவர் பேனாவை மூடினார். ரேவதி எழுந்து நின்றுவிட்டது.

"அப்பு," என்றார் மெதுவாக. "டிக்கேசான் எண்டால் கண்டுபிடிக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்க முடியேல்லை எண்டுதான் இதிலை இருக்கு. கேஸ் இல்லை எண்டு ஒரு இடத்திலையும் இல்லை."

"தேங்காயா?" என்று கேட்டிருக்கிறேன். ரேவதி பிறகு சொன்னது. எனக்கு நினைவில்லை.

நான் மனம் திருந்தி ஒப்புக்கொண்டேன் என்று தயவுசெய்து மலரில் போட்டுவிடாதீர்கள். கேஸ் இல்லை என்று நினைத்துத்தான் சொன்னேன். இருக்கிறது என்று தெரிந்திருந்தால் கைநாட்டு வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருப்பேன்.

ரேவதி அழுதுகொண்டே கேட்டது ஒன்றுதான். "அங்கிள், அவருக்குப் புள்ள இருக்கா?"

இருக்கிறது. பேர் தனம். பத்து காஜா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். குடலிறக்க ஆபரேஷனுக்கு நான் அங்கே படுத்திருந்தபோது பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். சட்டையில் பேர் குத்தியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு வாசித்துச் சொன்னார், வேலன் மகள் தனம் என்று. "பெரியவரே, செருப்ப எடுத்துக்குறேன், அடியில தொடைக்கணும்" என்றாள். போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

5

போலீசில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சாந்தி இதை எழுதும்போதுதான் எழுந்து போனாள்.

லம்பம் என்பது ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டை. பச்சைத் தண்ணீர், ஆழம் தெரியாது. வேலன் ஸ்டோரில் பாடி மூன்றாம் நாள், மதியத்துக்கு மேல், அந்தக் கரை வழியாக வந்தான். பத்து காஜா பஸ்ஸுக்கு அது குறுக்கு வழி. கையில் அஞ்சலைக்குச் சோறு வைத்த கேரியர். எங்கள் கையில் காண்டா கம்பு. பால் வாளிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற கம்பு அது.

அண்ணன் பின்னாலிருந்து மண்டையில் போட்டார். வேலன் விழவில்லை. திரும்பினான். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"சின்னையா, புள்ளத்தாச்சி அங்க தனியா கெடக்குடா" என்றான்.

இரண்டாவது அடி நான் போட்டது. வாயில் போட்டேன். பாடின வாயில். பல் கொட்டியது. கேரியர் உருண்டு மேல்தட்டு திறந்து சோறு மண்ணில் விழுந்தது. அவன் குப்புற விழுந்து சோற்றின் மேல் கையை ஊன்றினான். அண்ணன் அந்தக் கையை மிதித்துக்கொண்டு, "வெரல ஒடைடா, இனிமே எப்படித் தட்டுறான்னு பாப்போம்" என்றார். உடைத்தேன். ஒவ்வொன்றாக. ஈரக் குச்சி ஒடிகிற சத்தம்கூட இல்லை. அவன் தொண்டையில்தான் சத்தம். மறு கையையும் அண்ணன் இழுத்துக் கொடுத்தார்.

இரண்டு பால் வாளியில் கல் போட்டு இடுப்பில் கட்டினோம். கட்டும்போது அவனுக்கு மூச்சு இருந்தது. என் முழங்கையைப் பிடித்தான். விரல் ஒடிந்த கையால் எப்படிப் பிடித்தான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உதறித் தள்ளினேன். குமிழி வந்தது. கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருந்தது. அண்ணன் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, அது நிற்கும் வரைக்கும் இருந்தார்.

கேரியரை நான் கழுவினேன். நல்ல கேரியர், எறிய மனம் வரவில்லை. என் பெண்சாதி அதில் பல வருஷம் குழம்பு ஊற்றி வைத்தாள்.

அந்த வாரமே அஞ்சலைக்குப் பிள்ளை பிறந்தது, குறைமாதத்தில், ஒரு கால் சூம்பி. புருஷன் ஓடிவிட்டான் என்று ஆஸ்பத்திரியில் போய் அவளிடம் சொன்னவர் அண்ணன். கையில் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனார்.

6

போலீஸ் என்னைப் பத்து நாள் வைத்திருந்தது. லம்பத்தைக் காட்டச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். அங்கே லம்பம் இல்லை. மண் கொட்டி மூடி, தரை ஓடு விற்கிற கடை, கார் கழுவுகிற இடம் என்று வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள். இங்கேயா என்றார்கள், இங்கே என்றேன். பத்தடி தள்ளி, இல்லை இங்கே என்றேன். இன்ஸ்பெக்டர் குடையை மடக்கினார். எலும்பு கிடைக்கவில்லை. ஜாமீனில் விட்டிருக்கிறார்கள். சிவப்பு அட்டையை அவர்களே வைத்துக்கொண்டார்கள். வாரா வாரம் போய்க் கைநாட்டு வைக்கிறேன்.

மகன் போனில் பேசினான். "அம்பது வருஷம் வாய மூடிட்டு இருந்திங்க. இன்னும் கொஞ்ச நாளு மூடிட்டு இருந்தா என்னாப்பா?" அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தது. பின்னால் தனம். நாலு மாடியும் காலை இழுத்து ஏறி வந்திருக்கிறாள், அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் இல்லை. சாந்தி தண்ணீர் கொடுத்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

"நீங்கதான் சின்னையாவா?"

"ஆமா."

"எங்கம்மாவுக்கு சாவுற வரைக்கும் ஓடிப்போனவன் பொண்டாட்டின்னுதான் பேரு. கல்யாண வீட்டுல பந்திக்குப் பின்னால சட்டி கழுவ விடுவாங்க, முன்னுக்கு விட மாட்டாங்க. தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே சோறு தின்னிங்க."

ரேவதி காகிதத்தை மேசையில் வைத்தது. பாட்டுக்காரர் கிடைக்கவே இல்லை என்றால் அந்தக் கனடா ஆபீஸே அனுமதி கொடுத்திருக்கும். இப்போது வாரிசு கிடைத்துவிட்டது. இனி ஆபீசுக்கு அங்கே வேலை இல்லை. தனம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

"அக்கா, நீங்க முடியாதுன்னு சொன்னாலும் சரிதான்" என்றது ரேவதி. "பாட்ட எடுத்துட்டு படத்த வேற மாதிரி வெட்டிக்குவேன்."

"குடுக்குறேன்" என்றாள் தனம். "ஆனா பாதிப் பாட்ட குடுக்க மாட்டேன். ரெண்டாவது அடி இருக்குன்னு எங்கம்மா சொல்லிச்சு. என்னான்னு கேட்டா சேலைய வாயில வச்சிக்கும். அதையும் சேத்துப் போடு. இந்த ஆளு பாடட்டும்."

"எனக்கு மறந்துபோச்சும்மா."

"மறந்திருக்காது. அதுக்குத்தான கொன்னிங்க."

ரேவதி கைபேசியை என் பக்கம் நகர்த்தி வைத்தது. சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். எனக்குப் பாட வராது. ஸ்டோரில் அவன் நின்ற மாதிரியே, தாளம் இல்லாமல் சொன்னேன். மூன்றாவது வரியில் மெட்டு தானாக வந்துவிட்டது.

அடிக்கிற கையி அண்ணங் கையி
புடிக்கிற கையி தம்பி கையி
புள்ளத்தாச்சி வயித்துல பட்டது
எந்தக் கையி எந்தக் கையி

தனம் தன் இடது காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கேள்வியோட நிக்குது" என்றாள். "பதில் எங்க?"

"அவன் பாட்டுல பதில் இல்ல. அவன் அன்னிக்குப் பெரட்டுல இல்லம்மா. யாரு கைன்னு அவனுக்குத் தெரியாது."

"ஒங்களுக்குத் தெரியும்ல."

போலீஸ் இதைக் கேட்கவில்லை. தோட்டம் முழுக்க அண்ணன் கை என்றுதான் நினைத்தது. அவரும் சாகும் வரைக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். பிரம்பை முதல் தடவையாக என்னிடம் கொடுத்து, "நீதான் கொஞ்சம் பழகேன்டா" என்றார். நான் நன்றாகச் செய்து காட்ட நினைத்தேன்.

வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"இந்தக் கையி" என்றேன்.

தனம் அதைப் பார்த்துக்கொண்டே ரேவதியிடம் கேட்டாள். "பதிவாச்சா?"

"ஆச்சுக்கா."

அப்புறம்தான் அவள் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.